ஆறில்லாத ஊரின் சந்தை

நாகப்பட்டினம் துறைமுகத்தில் காலையில் கப்பல் ஏறினால் பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் இன்னொரு நாட்டில் இறங்கிவிடலாம். கடல்வழியில் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கடல் அமைதியாக இருந்தால் நான்கு மணி நேரம். மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்காரருக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் கிட்டம்.

இந்த வழி திறந்து அதிக காலம் ஆகவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் 1980-களில் போரோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே இலங்கைக்கு விமானத்தில் மட்டும் போய்ப் பழகியது. 2023 அக்டோபர் 14 அன்று 'செரியாபாணி' என்ற கப்பல் நாகையிலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் போனது. மழைக்காலம் நெருங்கியதால் சில நாட்களிலேயே அந்தச் சேவை நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது.

ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் நல்லூர்க் கந்தனைப் பார்க்கவும், கீரிமலையில் நீராடவும், உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் போகிறவர்கள். பயண நிறுவனங்கள் தரும் பட்டியலில் கோயில் இருக்கும், கோட்டை இருக்கும், நூலகம் இருக்கும். துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள சுன்னாகம் காய்கறிச் சந்தையைத் தேடித்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். காவிரி டெல்டாவிலிருந்து போகிற ஒருவர், அதுவும் வயலும் வரப்பும் தெரிந்த ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் அது சுன்னாகம் சந்தையாகத்தான் இருக்க வேண்டும். அங்கே பார்க்கக் கிடைப்பது அவருடைய சொந்த ஊரைப் பற்றியும் யோசிக்க வைக்கும்.

குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியும் அவர் மனைவியும் அப்படித்தான் கிளம்பினார்கள். மயிலாடுதுறை, தரங்கம்பாடி, காரைக்கால் வழியாகப் பேருந்தில் நாகை. வழியெல்லாம் அறுத்த வயல். தாளடிக்குப் பிறகு தெளித்த உளுந்தும் பயறும் பச்சையாகப் படர்ந்து கிடந்தன. காவிரியின் தென்கரை ஊர் குத்தாலம். வாய்க்கால், மதகு, நீர்வளத் துறை, மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்ற பேச்சு, இவற்றுக்கு வெளியே விவசாயத்தை அவர்கள் பார்த்ததில்லை.

காங்கேசன்துறையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது பழைய சிமென்ட் தொழிற்சாலையின் மௌனமான கட்டடங்கள். 1950-களில் தொடங்கி, போரால் 1990-இல் ஓய்ந்த ஆலை அது. சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு அடியிலேயே கிடைத்ததால்தான் அந்த இடத்தில் ஆலை வந்தது. யாழ்ப்பாணத்து விவசாயத்தைப் புரிந்துகொள்ளவும் அதே சுண்ணாம்புக்கல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

குடாநாட்டுக்கு ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மழைக்காலத்தில் மட்டும் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் இறங்கி, கீழே உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றில் எடுத்து ஆண்டு முழுக்கச் செலவழிக்கிறார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே வந்துவிடும். கல்லின் மேல் படிந்த செம்மண்தான் தோட்ட நிலம். நெல்லுக்கு வேறு தாழ்ந்த நிலம். அதை வயல் என்பார்கள், மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் மட்டும்.

துறைமுகத்திலிருந்து தெற்கே சுன்னாகம் வரை போகிற சாலை வலிகாமம் வடக்கின் வழியாகப் போகிறது. குடாநாட்டின் மிக நல்ல செம்மண் நிலங்களில் ஒரு பகுதி இங்கேதான். 1990-இல் மக்கள் வெளியேற்றப்பட்டு, பாதுகாப்பு வலயம் என்று பெரும்பரப்பு இராணுவத்தின் கையில் போனது. போர் முடிந்த பிறகு, குறிப்பாக 2015-க்குப் பிறகு, துண்டு துண்டாக விடுவித்தார்கள். இன்னும் விடாத காணிகளுக்காக மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டு காடாகக் கிடந்த நிலத்தைத் துப்புரவாக்கி, தூர்ந்த கிணற்றைத் தோண்டி, முதல் வெங்காயத்தை நட்டவர்கள் விளைவித்ததும் சுன்னாகத்துக்குத்தான் வருகிறது. சந்தையில் ஒரு மூட்டை வெங்காயத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுன்னாகம் பெரிய ஊர் இல்லை. காங்கேசன்துறை வீதியில், ரயில் நிலையம் உள்ள ஒரு கடைத்தெரு. 2014 அக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம் வரை வந்து, 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு நீண்ட பிறகு ஊர் மறுபடி கலகலப்பானது. சந்தையை வலிகாமம் தெற்குப் பிரதேச சபை நடத்துகிறது. யாழ்ப்பாண நகரத்துக்கு அருகே திருநெல்வேலிச் சந்தை, அது நல்லூர்ப் பிரதேச சபைக்கு உரியது. பல்கலைக்கழகம் இருப்பதும் அந்த ஊரில்தான். கிழக்கே தென்மராட்சியில் கொடிகாமம், தேங்காய்க்கும் மாம்பழத்துக்கும் பலாவுக்கும் பேர்போன சந்தை. இவற்றைத் தவிர மருதனார்மடம், அச்சுவேலி, நெல்லியடி, சாவகச்சேரி. சின்னக் குடாநாட்டில் இத்தனை சந்தைகள் அடுத்தடுத்து இருப்பதே ஒரு செய்தி. விளைவிக்கிறவர் சைக்கிளில் கொண்டுபோகிற தூரத்தில் ஒரு சந்தை இருக்கிறது.

வெளிச்சம் வருமுன் அங்கே இருக்க வேண்டும். ஒன்பது மணிக்குப் போனால் கிடைப்பது சில்லறைக் கடைதான். விடியற்காலையில் கொள்வனவுக்காரர்கள் நிற்கிறார்கள். விவசாயிகள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் 'லாண்ட் மாஸ்டர்' என்கிற இரு சக்கர உழவு இயந்திரத்தில் பூட்டிய பெட்டியிலும் சரக்கைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கத்தரிக்காய் காம்பில் முள்ளோடு, பனி ஈரத்தோடு சாக்கில் வருகிறது. பயற்றங்காய் கட்டுக் கட்டாக, ஒரு முழம் நீளத்தில். பாவற்காய், புடலங்காய், வெண்டிக்காய், கறிமிளகாய், பீட்ரூட், மரவள்ளிக்கிழங்கு, வாழைப்பொத்தி. நீர்வேலிப் பக்கத்து வாழைக்குலைகள் கதலியும் இதரையுமாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. சின்ன வெங்காயம் தாளோடு பிடி பிடியாகக் கட்டித் தொங்குகிறது. யாழ்ப்பாணத்தில் வெங்காயம் என்றாலே இதுதான். பல்லாரிக்கு அங்கே பெரிய வெங்காயம் என்று பெயர், அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது.

குத்தாலத்து அம்மாவின் கண் கீரைப் பக்கம் போனது. முளைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை தெரியும். முசுட்டை இலையும் சண்டி இலையும் தவசி முருங்கையும் குறிஞ்சாவும் விற்பனைக்குக் கட்டி வைத்திருப்பதை அவர் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. டெல்டாவில் இவற்றில் பாதி வேலியோரம் தானாக முளைத்து, யாரும் தொடாமல் காய்ந்துபோகும். இங்கே அதற்கு விலை உண்டு, வாங்குவதற்கு ஆள் உண்டு, எப்படிச் சமைப்பது என்று சொல்லித்தருகிற விற்பனைக்காரப் பெண்மணியும் உண்டு. வல்லாரையைச் சம்பலாகவும், குறிஞ்சாவை மெல்லிதாக அரிந்து வறையாகவும் செய்கிறார்கள்.

அடுத்த வரிசை பனையினுடையது. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் மீனும் நண்டும் இறாலும் மரவள்ளியும் போட்டுக் காய்ச்சுவதுதான் பேர்பெற்ற கூழ். பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றி, அடுக்கடுக்காகக் காயவைத்து எடுப்பது பனாட்டு. 1978-இல் இலங்கை அரசு பனை அபிவிருத்திச் சபை என்று ஒன்றை அமைத்தது. பனைப் பொருளுக்கென்று கடைகளும் இருக்கின்றன. நாகை, மயிலாடுதுறைக் கடலோரத்திலும் பனை நிற்கிறது. நுங்கும் கிழங்கும் பருவத்தில் சாலையோரம் விற்பார்கள்; பருவம் முடிந்தால் அதோடு சரி. காயவைத்துப் பன்னிரண்டு மாதமும் விற்கலாம் என்ற யோசனை நம் கரையில் வேர்பிடிக்காமல் போனது பெரிய இழப்பு.

சின்னக் கூறாகக் கத்தரிக்காய் குவித்து வைத்திருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சு வளர்ந்தது.

"வாங்கோ ஐயா. எந்த இடத்திலயிருந்து வாறியள்?"

"மாயவரம் பக்கம்மா. குத்தாலம்."

"இந்தியாவே! அங்க காவேரி ஓடுதெண்டு சொல்லுவினம்."

"ஓடுதும்மா. ஊருக்குப் பக்கத்துலயே ஓடுது."

"அப்ப மரக்கறிக்கு உங்களுக்கு ஒரு குறையும் இராது."

விவசாயி கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொன்னார். "எங்களுக்கு நெல்லுதாம்மா. காய்கறியெல்லாம் திருச்சியிலேர்ந்தும் ஒட்டன்சத்திரத்துலேர்ந்தும் லாரியில வருது."

"ஆறு ஓடுற ஊருக்கு லொறியில மரக்கறியோ?" அந்த அம்மா சிரிக்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. டெல்டாவின் மண் வண்டல் கலந்த களிமண். நெல்லுக்குத் தாய்மடி, காய்கறிக்கு அப்படி இல்லை. சம்பா காலத்தில் வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும், வடிவதற்கு வழி இருக்காது. பக்கத்து வயலில் நெல் இருக்க, நடுவில் ஒருவர் மட்டும் கத்தரி போட முடியாது. நிலத்தில் கணிசமான பகுதி கோயிலுக்கும் மடத்துக்கும் உரியது. குத்தகைக்காரர் கிணறு வெட்டவும் வேலி போடவும் யோசிப்பார். இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் விலை. நெல்லுக்கு ஆதரவு விலை உண்டு, நேரடிக் கொள்முதல் நிலையம் உண்டு. 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்தது குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை சேர்ந்து 2,500 ரூபாய். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் அலைச்சல் உண்டு, மழையில் நெல் நனைந்து முளைத்த கதைகள் உண்டு. இருந்தாலும் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. கத்தரிக்காய்க்கு அந்த நம்பிக்கையை யாரும் தரவில்லை.

ஆனால் இந்தப் பதில் முழுப் பதில் ஆகாது. காவிரிப் படுகையிலும் கொள்ளிடப் படுகையிலும் வாழையும் பூவும் காய்கறியும் வரத்தான் செய்கின்றன. கோடையில் குத்தாலம் வட்டாரத்தில் பருத்தி போடுகிறார்கள். பருத்திக்கு ஆகிற நிலம் வெண்டைக்கு ஆகாதா? நீரும் நிலமும் இருந்தும் விடுபட்டிருப்பது, விளைந்ததை மறுநாள் காலையில் பக்கத்துச் சந்தையில் கொண்டுபோய்க் கொட்டுகிற பழக்கம்தான்.

அளவைப் பாருங்கள். டெல்டாவில் நிலத்தை வேலியாலும் மாவாலும் சொல்லிப் பழக்கம். இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறக்குறைய முப்பத்து மூன்று சென்ட். ஒரு மா வைத்திருப்பவரைப் பெரிய விவசாயி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் தோட்ட நிலத்துக்குக் கணக்கு பரப்பு. பதினாறு பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். அதாவது ஒரு பரப்பு ஆறேகால் சென்ட். சில பரப்பை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் வலிகாமம் முழுக்க இருக்கின்றன. ஒரு கிணற்றைப் பல பங்காளிகள் பிரித்துக்கொண்டு, இன்ன நாள் இன்னார் இறைப்பது என்று முறை வைத்திருக்கிறார்கள். முன்பு துலாவில் ஏறி மிதித்து இறைத்தார்கள்; பிறகு மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. பனையோலையைக் குழியில் தாழ்த்திப் பசளையாக்குவது தலைமுறைப் பழக்கம். நிலம் சிறியது என்பதால் ஒரு போகம் முடிந்த உடனே அடுத்தது. வெங்காயம் எடுத்த பாத்தியில் மிளகாய், மிளகாய்க்குப் பிறகு பீட்ரூட். நாளைய சந்தை நிச்சயம் என்பதால்தான் இன்றைய நடவு நடக்கிறது.

இதைச் சொல்லும்போது சுன்னாகத்தைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. சந்தைக்குள்ளே இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் விவசாயியின் முகம் மாறுகிற இடத்தையும் பார்க்கலாம். அது தராசு இருக்கும் இடம்.

குடாநாட்டுச் சந்தைகளில் 'கழிவு' என்று ஒரு நடைமுறை இருக்கிறது. நூறு கிலோ கொண்டுவந்தால் பத்துக் கிலோவைக் கழித்துவிட்டு, தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு. அழுகல், சேதம், மண் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். காய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கழிவு கழிவுதான். இதை எதிர்த்து விவசாயிகள் நெடுங்காலமாகப் பேசிவருகிறார்கள். மாவட்டக் கூட்டங்களில் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தும் இருக்கிறார்கள். கூட்டத்தின் முடிவு தராசுத் தட்டு வரை வந்து சேரவில்லை என்பதுதான் விவசாயிகளின் முறையீடு. கையில் இருப்பது மறுநாள் வாடிவிடும் காய். திருப்பிக் கொண்டுபோக முடியாது. எதிரே நிற்கும் வியாபாரிக்கு இது தெரியும்.

2022 மார்ச்சில் தென்மராட்சியின் மட்டுவிலில் பொருளாதார மத்திய நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். 1999-இல் தம்புள்ளையில் தொடங்கி வெற்றிபெற்ற மாதிரியைப் பின்பற்றியது அது. தம்புள்ளை நாட்டின் நடுவில், நாலாபக்கச் சாலைகளும் சேருகிற இடம். நுவரெலியாவின் கேரட்டும் லீக்ஸும் அங்கே வந்து வடக்கே போகும். மட்டுவிலுக்கு அந்த இட அமைப்பு இல்லை. வியாபாரிகள் பழைய சந்தைகளை விட்டு வரவில்லை. கட்டடம் நெடுநாள் பயனில்லாமல் கிடந்தது. சந்தை கட்டடத்தால் உண்டாவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அருகில் இல்லை.

குத்தாலத்து விவசாயிக்குத் தராசுப் பிரச்சினை புதிதல்ல. குத்தாலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. பருத்தி ஏலம் அங்கே மறைமுக ஏலமாக நடக்கிறது. வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள், அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. எடையை விற்பனைக்கூடத்தின் ஆட்கள் போடுகிறார்கள். விலை திருப்தி இல்லை என்று விவசாயிகள் சாலையில் உட்கார்ந்த நாட்களும் உண்டு. ஆனாலும் கண்ணெதிரே நடக்கும் எடைக்கும் வியாபாரி தானே போட்டுக் கழிக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சுன்னாகத்தில் நின்றபோதுதான் முழுசாக உணர்ந்தார். நம்மிடம் இருப்பதில் எதை விட்டுவிடக் கூடாது என்பதும் வெளிநாட்டுச் சந்தையில்தான் தெரிகிறது.

யாழ்ப்பாணத்து விவசாயி இதற்குமுன் கண்ட ஏற்ற இறக்கங்களை அறிந்தால், அந்தச் சந்தையின் பிடிவாதம் புரியும். 1970-இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போன காலம் அது. குடாநாட்டில் பல கல்வீடுகள் அந்தப் பணத்தில் எழுந்தவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1977-இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்ததும் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் உள்ளே வந்து விலை சரிந்தது. பிறகு போர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. எரிபொருளுக்கும் உரத்துக்கும் கட்டுப்பாடு. ஏ9 சாலை 2002-இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மூடி, 2009-இல் மறுபடி திறந்தது. சாலை மூடிக் கிடந்தபோது கொழும்புச் சந்தைக்குப் போக வழியில்லாமல், விளைந்தது உள்ளூரிலேயே தங்கியது. ஊரும் அதைத்தான் தின்று பிழைத்தது.

போர் முடிந்த பிறகும் அமைதி கிடைத்துவிடவில்லை. 2021 ஏப்ரலில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடைசெய்தது. ஆறு, ஏழு மாதத்தில் தடையை விலக்கினார்கள். அதற்குள் நாடு முழுக்க விளைச்சல் விழுந்திருந்தது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி. மண்ணெண்ணெய் கிடைக்காமல் இறைப்பு இயந்திரங்கள் நின்றன. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பயிர் காய்ந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் குறுவை காய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை.

உழவர் நேரே விற்கும் சந்தை என்ற எண்ணம் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப முளைத்திருக்கிறது. நியூயார்க்கில் 1976-இல் பாரி பெனப்பி என்ற நகரத் திட்டமிடுநர், கையில் நிலம் இருந்தும் கடன்பட்டுக்கொண்டிருந்த சுற்றுவட்டார விவசாயிகளை நகரத்துக்குள் கொண்டுவந்து 'கிரீன்மார்க்கெட்' தொடங்கினார். விற்கிறவர் தான் விளைவித்ததை மட்டுமே விற்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. அவற்றில் ஒன்றான யூனியன் ஸ்கொயர் சந்தை இன்றும் நடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதற்காகவே போகிறார்கள். மலேசியாவில் 1985-இல் அரசு நிறுவனமான ஃபாமா 'பசார் தானி' சந்தைகளைத் தொடங்கியது. பஞ்சாப் பக்கம் 1987-இல் 'அப்னி மண்டி', ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்'. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை மு. கருணாநிதி திறந்துவைத்தார்.

உழவர் சந்தையின் அமைப்பு நன்கு யோசித்துச் செய்தது. விவசாயிக்கு அடையாள அட்டை, கடைக்கு வாடகை கிடையாது, தராசு இலவசம், தரகர் இல்லை, மொத்த விலைக்கு மேலாகவும் வெளிச் சில்லறை விலைக்குக் கீழாகவும் அன்றன்றைக்கு விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். 2001-க்குப் பிறகு ஆட்சி மாறியபோது பல சந்தைகள் களையிழந்தன. 2006-க்குப் பிறகு புத்துயிர் பெற்றன. ஒரு நல்ல ஏற்பாடு ஆட்சிக்கு ஆட்சி ஏறி இறங்குவதைப் போன்ற வீண் வேறில்லை. சுன்னாகத்தில் கழிவு கொடுத்துவிட்டு வருகிற விவசாயியிடம் உழவர் சந்தை விதிகளைச் சொன்னால் நம்ப மறுப்பார். அப்படி ஓர் ஏற்பாடு நம் கையில் இருக்கிறது. மயிலாடுதுறையிலும் கும்பகோணத்திலும் உழவர் சந்தை உண்டு. விளைவிக்கிற ஆட்கள்தான் போதவில்லை. யாழ்ப்பாணத்தில் விளைவிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நியாயமான தராசு இல்லை. இங்கே தராசு இருக்கிறது, தட்டில் வைக்கச் சரக்கு குறைவு. இரண்டு கரையும் ஒன்றையொன்று நேரில் பார்த்தால் இரண்டுக்கும் நன்மை.

வேளாண்துறை 'அட்மா' திட்டத்தில் விவசாயிகளைக் கண்டுணர்வுச் சுற்றுலாவுக்கு வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அழைத்துப்போகிறது. நான்கு மணி நேரக் கப்பல் தூரத்தில், பேச்சு புரிகிற ஊரில், ஆறேகால் சென்ட்டைக் கணக்கு வைத்துக் காய்கறி விளைவிக்கிறவர்கள் இருக்கும்போது, டெல்டா விவசாயிகளை ஏன் அங்கே அனுப்பக் கூடாது? அவர்களையும் குத்தாலம் விற்பனைக்கூடத்துக்கும் மயிலாடுதுறை உழவர் சந்தைக்கும் ஏன் அழைக்கக் கூடாது? இரு அரசுகளும் கப்பல் வழியைத் திறந்துவிட்டன. அதில் விவசாயிகளையும் ஏற்ற வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சொந்தமாகவே போகலாம். பாஸ்போர்ட் வேண்டும், இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதி வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் ஓடாது. மற்ற நாட்களிலும் கடல் சீற்றம் இருந்தால் தேதி மாறும், எனவே திரும்பும் நாளுக்கு அப்பால் கையில் ஓரிரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் படம் எடுக்கும்முன் கேளுங்கள்; வேலை நேரத்தில் விவசாயியின் வழியை மறிக்காதீர்கள்; பேச்சுக் கொடுத்தவரிடம் கால் கிலோவாவது வாங்குங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பருவத்தில் கிடைத்தால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். கன்றும் விதையும் வெங்காய நாற்றும் ஆசைகாட்டும். எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரு நாட்டிலும் பயிர்நோய்த் தடுப்புச் சட்டம் கடுமையானது, அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. காய்ந்த பொருளாக இருந்தாலும் சுங்கத்தில் காட்டிவிட்டுக் கொண்டுவருவதே முறை.

குத்தாலத்துத் தம்பதி ஊர் திரும்பிய பிறகு, படுகையோரம் தங்கள் பங்கில் கொஞ்சம் இடத்தைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் ஒதுக்குவதாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உழவர் சந்தை அட்டைக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்தும் வைத்திருக்கிறார்கள். தை, மாசியில் அறுப்பு முடிந்து, உளுந்து தெளித்துவிட்டுக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற பங்குனிதான் போவதற்கு நல்ல சமயம். மழைநீர் கிணற்றில் நிறைந்திருக்க, யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் அப்போது காய்த்துக் குலுங்கும். போகிறவர்கள் முதல் நாள் கோயிலைப் பார்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சுன்னாகம் சந்தையில் இருங்கள்.